சத்திரத்தில் சேர்த்த பிறகு
பலத்த தலைக்காயமும் நரம்பு மண்டலத்தின் புயலும்: ஒரு வேதபாடம்



நல்ல சமாரியனின் உவமையை நாம் எல்லோரும் ஓய்வுநாள் பள்ளியிலேயே படித்தவர்கள். லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிற அந்தப் பகுதியை வைத்து நானே என் ஊழிய நாட்களில் எத்தனையோ முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். ஆசாரியன் விலகிப் போனான், லேவியன் விலகிப் போனான், சமாரியன் நின்றான், காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான் என்று சொல்லி, "நீயும் போய் அப்படியே செய்" என்று முடித்துவிடுவேன். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சமாரியன் அவனைச் சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்று இரவு தானே பராமரித்தான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான். அதற்கு மேல் செலவானாலும் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான். வழியில் நடந்தது சிறிது நேர வேலைதான். சத்திரத்தில் எத்தனை நாள் ஆனது என்று வேதம் சொல்லவில்லை.

நமது மருத்துவமனையின் தலைக்காயப் பிரிவில் ஊழியம் செய்ய ஆரம்பித்த பிறகுதான், அந்த உவமையின் கடைசிப் பகுதி எனக்குப் புரியத் தொடங்கியது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது வேதசாஸ்திரக் கல்லூரி அல்ல. ஒரு தாயும், ஒரு நர்ஸ் சிஸ்டரும், நான் செய்த ஒரு தவறும்தான். அதை இந்த இதழில் பாடமாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

1. அந்த மாலையில் நடந்தது

அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். 23 வயது வாலிபன். சபையின் பாடகர் குழுவில் பாடுகிறவன். வேலை முடிந்து இரவில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது, சாலையோரத்தில் விளக்கில்லாமல் நின்ற டிராக்டரின் பின்னால் மோதிவிட்டான். ஹெல்மெட் வண்டியின் டாங்க்கின் மேல் இருந்தது. தலையில் இல்லை. நமது மருத்துவமனைக்கு வந்தபோது நினைவில்லை. அறுவை சிகிச்சை செய்து மூளையை அழுத்திக்கொண்டிருந்த இரத்தக்கட்டியை எடுத்தார்கள். உயிர் தங்கியது.

பத்தாவது நாள் சாயங்காலம் அவனுடைய தாய் என் அறைக்கு ஓடி வந்தார். "ஐயா, பிள்ளைக்கு என்னமோ ஆகுது, சீக்கிரம் வாங்க" என்றார். போய்ப் பார்த்தேன். உடம்பெல்லாம் வியர்வை கொட்டி, படுக்கை விரிப்பு பிழிந்தால் தண்ணீர் வரும் போல் நனைந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. மூச்சு நாய் இளைப்பது போல் வேகமாக ஓடியது. கைகால்கள் மரக்கட்டை போல் விறைத்து, கைகள் வெளிப்பக்கமாகத் திருகிக்கொண்டன. நாடித்துடிப்பு 150-ஐத் தாண்டியது. பதினைந்து இருபது நிமிடம் அப்படி இருந்துவிட்டுத் தானாகவே தணியும். பிறகு மறுபடியும் வரும்.

உறவினர்களில் ஒருவர், "இது காத்து கருப்பு சேட்டை" என்று மெதுவாகச் சொன்னார். மற்றொருவர், "கடைசி நேரம் போல இருக்கு" என்றார். நான் சபையிலிருந்து வந்திருந்த நான்கு வாலிபர்களைக் கூப்பிட்டேன். ஐந்து பேரும் படுக்கையைச் சுற்றி நின்றோம். அவன் தலைமேலும் மார்பின்மேலும் கைகளை வைத்தோம். நான் உரத்த சத்தமாய் ஜெபித்தேன். வாலிபர்கள் அதைவிடச் சத்தமாய் பாடினார்கள். நாங்கள் பாடப் பாட, திரையில் நாடித்துடிப்பின் எண் ஏறிக்கொண்டே போனது.

இரவுப் பணிக்கு வந்த மூத்த சிஸ்டர் என் தோளைத் தொட்டு, வராந்தாவுக்கு அழைத்துப் போனார். "ஐயா, கோபித்துக்கொள்ளாதீங்க. இது வலிப்பும் இல்லை, பிசாசும் இல்லை. அடிபட்ட மூளை, உடம்பின் கடிவாளத்தைப் பிடிக்க முடியாமல் விட்டிருக்கு. யாராவது தொட்டாலும், சத்தம் போட்டாலும் அதிகமாகும். நீங்க ஒருத்தர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஜெபம் பண்ணுங்க. ஆண்டவருக்குக் கேட்கும்" என்றார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் நரம்பு மருத்துவரிடம் போய், "எனக்குப் பாடம் எடுங்கள் டாக்டர்" என்று உட்கார்ந்தேன். அவர் சொன்னவற்றையும் பின்பு படித்தவற்றையும் கீழே தருகிறேன்.

2. மண்டை ஓட்டுக்குள் நடப்பது என்ன?

நம்முடைய மூளை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடையுள்ளது. பனை நுங்கு போல் மென்மையானது. அதைச் சுற்றியிருப்பதோ விரியாத எலும்புப் பெட்டி. தலை வேகமாக மோதும்போது மூன்று விதமான சேதம் ஏற்படலாம். மூளையின் பகுதிகள் நசுங்கலாம். இரத்தக்குழாய் கிழிந்து கட்டி சேரலாம். மூளை சுழன்று குலுங்குவதால், தந்திக் கம்பிகள் போல் ஓடும் நுண்ணிய நரம்பு இழைகள் பல இடங்களில் இழுபட்டு அறுந்துபோகலாம். மூன்றாவது வகைச் சேதம் ஸ்கேனில் சில வேளை தெளிவாகத் தெரியாது. "ஸ்கேன் நல்லாத்தானே இருக்கு, ஏன் எழும்பவில்லை?" என்று குடும்பத்தார் கேட்பதற்குப் பல முறை இதுவே பதில்.

மோதிய கணத்தில் நடந்த சேதத்தை யாராலும் திருப்ப முடியாது. ஆனால் அதற்குப் பின் மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் இரண்டாவது சேதம் நடக்கிறது. மூளை வீங்குகிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பிராணவாயுவோ இரத்த அழுத்தமோ குறைந்தால், தப்பியிருந்த பகுதிகளும் சாகின்றன. மருத்துவர்களும் சிஸ்டர்களும் இராப்பகலாய்ப் போராடுவது இந்த இரண்டாவது சேதத்தோடுதான்.

காயத்தின் கடுமையை அளக்க உலகமெங்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஸ்காட்லாந்து தேசத்தின் கிளாஸ்கோ நகரில் கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரு மருத்துவர்கள் 1974-இல் அதை வெளியிட்டார்கள். கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, கைகால் அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் பலத்த காயம் எனப்படும். நம்முடைய வாலிபன் வந்தபோது அவனுக்கு 6.

3. புயல் என்பது என்ன?

நாம் நினைக்காமலே நம் இருதயம் துடிக்கிறது, வியர்க்கிறது, உடம்பின் சூடு ஒரே அளவில் நிற்கிறது. இதை நடத்துவது தன்னியக்க நரம்பு மண்டலம். அதில் பரிவு நரம்புகள் என்பவை ஆபத்து வேளையில் உடம்பை முடுக்கிவிடும். நாய் துரத்தினால் நாம் ஓடுவது அவற்றால்தான். எதிர்ப்பரிவு நரம்புகள் உடம்பை அமர்த்தும். மேலே இருக்கும் மூளை மையங்கள் இரண்டையும் அடக்கி ஆளுகின்றன.

வண்டி மாட்டின் மூக்கணாங்கயிறு அறுந்துபோனால் என்ன ஆகும்? ஒரு சருகு பறந்தாலும் மாடு மிரண்டு ஓடும். பலத்த காயத்தில், மேல் மையங்களிலிருந்து இறங்கி வரும் அடக்கும் இழைகள் அறுந்துபோகும்போது பரிவு நரம்புகள் அப்படித்தான் மிரளுகின்றன. சளியை உறிஞ்சி எடுப்பது, படுக்கையில் புரட்டுவது, சிறுநீர்ப்பை நிறைந்திருப்பது, மலச்சிக்கல், ஒரு கதவு அடிபடும் சத்தம் எல்லாமே அதற்கு நாய் துரத்துவது போலத்தான். நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், உடல் சூடு, வியர்வை, தசை விறைப்பு ஆகிய ஆறும் ஒருங்கே ஏறுகின்றன. ஆங்கில மருத்துவ ஊழியர்கள் இதைப் பேச்சு வழக்கில் புயல் என்கிறார்கள்.

கனடா தேசத்தின் மான்ட்ரியல் நகரில் பெயர்பெற்ற நரம்பு அறுவை மருத்துவராக விளங்கிய வைல்டர் பென்ஃபீல்டு, மூளையின் நடுவில் கட்டி இருந்த ஒரு நோயாளியிடம் இப்படிப்பட்ட நிலையைக் கண்டு 1929-இல் எழுதினார். அதை அவர் ஒருவகை வலிப்பு என்று கருதினார். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்து பார்த்தபோது வலிப்புக்குரிய அலைகள் காணப்படாததால், அந்தக் கருத்து பிற்பாடு கைவிடப்பட்டது. ஆளுக்கொரு பெயர் சொல்லி வந்த நிலையில், 2014-இல் பல நாட்டு நிபுணர்கள் ஒன்றுகூடி "பாராக்ஸிஸ்மல் சிம்பதெடிக் ஹைப்பராக்டிவிட்டி" என்ற ஒரே பெயருக்கு உடன்பட்டார்கள். பரிவு நரம்புகள் விட்டுவிட்டு மிகையாய்ப் பொங்குதல் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். எழுதி வைக்கப்பட்ட நோயாளிகளில் ஐந்தில் நான்கு பங்கு தலைக்காயத்தால் வந்தவர்கள்.

இங்கே நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய ஒரு தொடர்பு உண்டு. அதே பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. அவர்தான் 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். நம் நாட்டில் தலைக்காயம் பட்ட ஏழைக்குத் திறந்த அந்தக் கதவு ஒரு மிஷன் மருத்துவமனையில் திறந்தது. அதற்குப் பின்னால் உங்களைப் போன்ற சபையாரின் காணிக்கைகள் இருந்தன.

புயல் வந்தவுடன் மருத்துவர்கள் முதலில், வேறு காரணம் உண்டா என்று தேடுகிறார்கள். கிருமித் தொற்று, மூச்சுத்திணறல், நுரையீரலில் இரத்தக்கட்டி, வலிப்பு, கவனிக்காமல் விட்ட எலும்பு முறிவு இவை இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். பிறகு மார்ஃபின், புரோப்ரனலால், குளோனிடின், கேபபென்டின், பேக்லோஃபன் போன்ற மருந்துகளை நோயாளிக்கு ஏற்றபடி கொடுக்கிறார்கள். புயல் நாட்களில் ஒருவன் படுத்துக்கிடந்தாலும், அவன் உடம்பு வயலில் வேலை செய்வதுபோல் சத்தை எரிக்கிறது. அதனால் உணவின் அளவைக் கூட்ட வேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் எலும்பும் தோலுமாகிவிடுவான். பலருக்கு இது வாரங்கள் நீடிக்கும். சிலருக்கு மாதங்கள்.

4. வேறு சிக்கல்கள்

புயல் ஒன்று மட்டும் அல்ல. குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டிய வேறு சில உண்டு.

வலிப்பு: முதல் ஏழு நாட்களில் வருவது ஒரு வகை, பின்பு வருவது வேறு வகை. ஃபெனிடாயின் என்ற மருந்து முதல் வாரத்து வலிப்பைக் குறைக்கிறது. பின்னாளில் வருவதைத் தடுப்பதில்லை என்று 1990-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகையால் எத்தனை நாள் மாத்திரை என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். நாமாக நிறுத்தவும் கூடாது, நாமாக நீட்டவும் கூடாது.

மூளையில் நீர் தேங்குதல்: நன்றாகத் தேறி வந்தவன் மறுபடி மந்தமாவான், நடை தடுமாறும், சிறுநீர் அறியாமல் போகும். இதைக் குழாய் வைத்துச் சரி செய்யலாம். "விதி" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது.

உப்பும் நீரும்: மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டால், குடம் குடமாகச் சிறுநீர் போகலாம். இரத்தத்தில் உப்பின் அளவு ஏறியிறங்கும். அதனால்தான் அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்.

தசை இறுக்கமும் மூட்டு முடங்குதலும்: கைகால்களைத் தினமும் அசைத்துக் கொடுக்காவிட்டால், சில வாரங்களில் மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடும். சிலருக்கு இடுப்பு, முழங்கை போன்ற மூட்டுகளைச் சுற்றி இல்லாத இடத்தில் எலும்பு வளரும். எண்ணெய் தேய்த்து முரட்டுத்தனமாக இழுப்பது உதவாது, தீங்கே செய்யும்.

விழுங்குதல்: முழு நினைவில்லாதவன் வாயில் அன்போடு ஊற்றும் ஒரு தேக்கரண்டி கஞ்சி நுரையீரலுக்குள் போய் உயிரையே எடுக்கலாம். விழுங்கும் திறனைச் சோதித்த பிறகுதான் வாய்வழி உணவு.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு மருத்துவ உலகத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் வீக்கம் குறையும் என்று பல வருடங்கள் நம்பிக் கொடுத்து வந்தார்கள். பல நாடுகளில் 10,008 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 21 பேர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார்கள். மருந்து பெறாதவர்களில் நூற்றுக்கு 18 பேர். நல்லது என்று நினைத்தது கெடுதியாயிருந்தது. உண்மை தெரிந்தவுடன் மருத்துவர்கள் தங்கள் வழியை மாற்றினார்கள். அன்று மாலை படுக்கையைச் சுற்றி நின்று சத்தமிட்ட எனக்கு அது ஆறுதலாகவும் புத்திமதியாகவும் இருந்தது.

5. விழிப்பு என்பது ஒரே நாளில் வருவதல்ல

சினிமாவில் நோயாளி கண் திறந்தவுடன் "அம்மா" என்பான். இங்கே அப்படி அல்ல. மயக்கம் என்ற கோமா நிலை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். அதன் பின் சிலர் கண் திறக்கிறார்கள், தூங்கி விழிக்கிறார்கள், ஆனால் யாரையும் அறிவதில்லை. "என்னைப் பார்க்கிறானே ஐயா, ஆனா என்னைத் தெரியலையே" என்று அந்தத் தாய் அழுதது இந்த நிலையைப் பார்த்துத்தான். இதற்கடுத்த படி, அறிவு மின்னி மின்னி மறைவது. காலையில் விரலைப் பிடி என்றால் பிடிப்பான், மாலையில் மாட்டான். இந்த நிலையைத் தனியாக இனங்கண்டு அதற்கான அடையாளங்களை 2002-இல் வகுத்தார்கள். அதற்கும் அப்பால் குழப்ப நிலை. பேசுவான்; இன்றைக்கு என்ன கிழமை என்று தெரியாது; குழாய்களைப் பிடுங்குவான்; அடிக்கவும் வருவான். பார்ப்பதற்குப் பின்னடைவு போலத் தோன்றினாலும் இது முன்னேற்றத்தின் ஒரு படி.

அமெரிக்காவில் 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், காயம்பட்டு இரண்டு வாரம் ஆகியும் அறிவில்லாமல் கண் மட்டும் திறந்திருந்த 79 பேரைப் பின்தொடர்ந்தார்கள். ஒரு வருடத்துக்குள் 62 பேருக்கு அறிவு திரும்பியது. நாள், இடம், ஆள் எல்லாம் தெளிவாய்ச் சொல்லும் அளவுக்கு வந்தவர்கள், விவரம் கிடைத்தவர்களில் நான்கில் ஒரு பங்குதான். உயர்ந்த வசதியுள்ள மருத்துவமனைகளில் கண்ட கணக்கு இது. ஆயினும் நமக்கு இரண்டு காரியங்களைச் சொல்லுகிறது. இரண்டு வாரத்தில் நம்பிக்கையைக் கைவிடக்கூடாது. பழையபடி ஆகிவிடுவான் என்று எவருக்கும் வாக்குக் கொடுக்கவும் கூடாது. குருவானவர்களாகிய நாங்கள் இந்த இரண்டாவதில்தான் அதிகமாகத் தவறுகிறோம்.

முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாயிருக்கும். அதன் பிறகும் வருடக்கணக்கில் சிறிது சிறிதாகத் தொடரும். அமன்டடின் என்ற மருந்து, கொடுக்கும் வாரங்களில் முன்னேற்றத்தின் வேகத்தைக் கூட்டுவதாக 184 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2012-இல் காட்டியது. ஆனால் இன்றும் முதன்மையான சிகிச்சை, பயிற்சி பெற்ற கைகளால் தினந்தோறும் செய்யப்படும் பராமரிப்புதான்.

6. நம் வாலிபனுக்கு என்ன ஆயிற்று?

புயல் ஏழு வாரம் வந்து வந்து போனது. அவனுடைய தாய்க்கு சிஸ்டர் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார். எப்போது வருகிறது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதச் சொன்னார். எட்டாம் வகுப்புவரை படித்த அந்தத் தாய், மூத்திரக் குழாய் மடங்கிக் கிடக்கும்போதெல்லாம் புயல் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர். மருத்துவரே அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் படிப்பார்.

நான் தினமும் சாயங்காலம் போய், கையைத் தொடாமல், பக்கத்து நாற்காலியில் பத்து நிமிடம் உட்காருவேன். மனதுக்குள் ஜெபிப்பேன். போகும்போது ஒரே ஒரு வாக்கியம் மெதுவாகச் சொல்வேன். "தம்பி, நான் ஐயர் வந்திருக்கேன். நாளைக்கும் வருவேன்." மூன்றாம் மாதத்தில் ஒருநாள், நான் எழுந்தபோது அவன் கண் என் பின்னாலேயே வந்தது. அதைக் கண்ட தாய் சத்தமிடாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த வார்டில் நாங்கள் அவ்வளவு கற்றிருந்தோம்.

ஆனாலும் வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான கஷ்டம். மூளையின் முன்பகுதி நம் நாவையும் கோபத்தையும் அடக்கிவைக்கும் இடம். அங்கே பட்ட காயத்தால், பாடகர் குழுவில் பாடிய வாயிலிருந்து கெட்ட வார்த்தைகள் வந்தன. ஒருநாள் ஆராதனை நடுவில் எழுந்து சத்தம் போட்டான். முன்வரிசையில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த ஞாயிறு அந்தக் குடும்பம் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒருவரும் போய் விசாரிக்கவும் இல்லை. ஐ.சி.யு. வாசலில் இரவெல்லாம் காத்திருந்து ஜெபித்த அதே சபைதான்! உயிருக்குப் போராடியபோது கூட இருந்தோம். உயிர் பிழைத்தவனோடு இருக்க நமக்குப் பொறுமை இல்லை. கழுதையோடு நம் ஊழியம் முடிந்துவிட்டது.

நான் அந்தச் சபையின் ஆயரிடம் பேசினேன். அவர் நல்ல மனதுள்ளவர். ஒரு ஞாயிறு, பிரசங்கத்துக்குப் பதிலாக நமது பிசியோதெரபிஸ்டை அழைத்து, தலைக்காயம் என்றால் என்ன என்று இருபது நிமிடம் சபைக்கு விளக்கச் செய்தார். அதன் பிறகு பெண்கள் ஐக்கிய சங்கத்தார் முறை போட்டு, வாரத்தில் இரண்டு நாள் அந்த வீட்டில் போய் இருந்தார்கள். தாய் அந்த நேரத்தில் தூங்குவார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை, தூக்கம்தான் கேட்டார்.

இப்போது அவன் கோலூன்றி நடக்கிறான். வலது கை பலவீனம். காலையில் சொன்னது மாலையில் மறந்துவிடும். சட்டைப் பையில் சிறிய நோட்டு வைத்திருக்கிறான். மாமாவின் பலசரக்குக் கடையில் உட்கார்ந்து பொட்டலம் மடிக்கிறான். பாட்டின் ராகம் மறக்கவில்லை; வார்த்தைகள் மட்டும் இடையில் நழுவும். அவனுக்குப் பக்கத்துப் படுக்கையில் இருந்த இன்னொரு குடும்பத் தலைவர் கண் திறக்கவே இல்லை. நான்காம் மாதம் காலமானார். இருவருக்காகவும் நான் ஒரே விதமாகத்தான் ஜெபித்தேன். ஏன் இப்படி என்று என்னிடம் கேட்காதேயுங்கள். இருவரையும் கடைசிவரை சுத்தமாக, வலியில்லாமல், படுக்கைப்புண் இல்லாமல் வைத்திருந்த சிஸ்டர்களின் கைகளில் நான் கர்த்தருடைய அன்பைக் கண்டேன். அதை மட்டும் சாட்சியாகச் சொல்ல முடியும்.

7. சட்டமும் சபையும்

நம் நாட்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்த திருத்தத்தில் ஒரு புதிய பிரிவு, 134-ஏ, சேர்க்கப்பட்டது. விபத்தில் சிக்கியவருக்கு உதவுகிறவரை வழக்குகளிலிருந்து பாதுகாக்கும் பிரிவு அது. அப்படி உதவுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? "நல்ல சமாரியன்" என்பதே! ஆகவே போலீஸ், கோர்ட்டு என்று பயந்து விலகிப் போக இனிக் காரணமில்லை. தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவுகிறது. இவற்றுக்காகத் தேவனைத் துதிக்கிறோம்.

வழியில் கிடந்தவனைத் தூக்குவதற்குச் சட்டம் துணை நிற்கிறது. முதல் இரண்டு நாளுக்கு அரசு துணை நிற்கிறது. மூன்றாம் நாளிலிருந்து? அது சத்திரத்தின் காலம். சமாரியன் சத்திரக்காரனிடம் கொடுத்த பணமும், மேற்கொண்டு ஆகும் செலவுக்குச் சொன்ன வாக்கும் இங்கேதான் தேவைப்படுகின்றன.

சத்திரத்தின் ஊழியத்துக்கு வேலூரில் இன்னொரு பெரிய சாட்சியும் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. உயிர் காப்பதோடு வேலை முடிவதில்லை என்பதைத் தன் உடம்பிலேயே கற்றவர் அவர்.

8. நாம் செய்யக்கூடியவை

- இருசக்கர வாகனத்தில் செல்லும் உங்கள் பிள்ளைகள் ஹெல்மெட்டை அணிந்து, கழுத்துப் பட்டையையும் மாட்டுகிறார்களா என்று பாருங்கள். ஆலய வளாகத்திலிருந்தே அது ஆரம்பிக்கட்டும்.
- விபத்தைக் கண்டால் 108-ஐ அழையுங்கள். கழுத்தை வளைக்காதீர்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
- நோயாளியைப் பார்க்கப் போகும்போது ஒருவர் அல்லது இருவராகப் போங்கள். முதலில் சிஸ்டரிடம் கேளுங்கள். மெதுவான குரலில், ஒருவர் மாறி ஒருவர் பேசுங்கள். அவருக்குக் கேட்காது என்று நினைத்து, அவர் தலைமாட்டில் நின்று செலவையும் சாவையும் பேசாதீர்கள்.
- வீடு திரும்பிய குடும்பத்துக்குப் பழங்களைவிட, இரண்டு மணி நேரம் பெரிய உதவி.
- நோயாளியின் கோபத்தையும் கெட்ட வார்த்தையையும் பாவமாக எண்ணாதீர்கள். அது காயம்.
- நீங்கள் அனுப்பும் காணிக்கையில் காற்றுப் படுக்கையும், சக்கர நாற்காலியும், குழாய் உணவும், பிசியோதெரபிஸ்டின் சம்பளமும் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்குக் கொடுக்க மனமுள்ளவர்கள் பலர். ஆறாம் மாதத்துப் பயிற்சிக்குக் கொடுப்பவர்கள் சிலரே. அந்தச் சிலரில் நீங்கள் இருப்பீர்களா?

சபைக் குழுக்களில் சிந்திக்க

1. சமாரியன் மறுநாள் போய்விட்டான். சத்திரக்காரன் தொடர்ந்து பார்த்தான். நம் சபையில் சத்திரக்காரர் யார்?
2. நல்லெண்ணத்தோடு நாம் செய்யும் எந்தக் காரியம் நோயாளிக்குப் பாரமாகிறது?
3. கடந்த இரண்டு வருடத்தில் விபத்தினாலோ நோயினாலோ ஆராதனைக்கு வராமல் நின்றுபோன குடும்பம் நம் சபையில் உண்டா? இந்த வாரம் யார் போவது?

ஜெபக் குறிப்புகள்

தலைக்காயப் பிரிவில் இரவுப் பணி செய்யும் சிஸ்டர்களுக்காகவும், வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருக்கும் தாய்மாருக்காகவும், வீடு திரும்பியும் இன்னும் முழுதாய்த் திரும்பாத பிள்ளைகளுக்காகவும் ஜெபியுங்கள். எனக்காகவும் ஜெபியுங்கள்: பேச வேண்டிய வேளையில் பேசவும், சும்மா உட்கார வேண்டிய வேளையில் சும்மா உட்காரவும் ஆண்டவர் எனக்குப் புத்தி தரும்படியாக.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
மருத்துவமனைக் குருவானவர்